ஓசூரில் வரைந்த கடல் எல்லை

பழைய அலுவலகத்திலிருந்து பவித்ரா போன் செய்தாள். "சார், நீங்களும் சேவியர் சாரும் சேர்ந்து வேலை செஞ்ச அனுபவத்தை ஒரு கட்டுரையா எழுதித் தாங்க" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, "சேவியர்கிட்டயும் கேட்டிருக்கியாம்மா?" என்பதுதான். "அவர்கிட்ட முதல்லயே கேட்டுட்டோம் சார்" என்றாள். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பவித்ரா நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். கெட்டிக்காரி. எங்கள் காலத்துக் காகித ரெக்கார்டுகளையெல்லாம் இப்போது ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் போடுகிறார்களாம். கோடு போடும் வேலையையும் இனிமேல் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமாம். அதை ஒட்டி ஒரு மலர் வெளியிடுகிறார்கள். "ரெண்டு பேர் தனித்தனி ரூம்ல உட்கார்ந்து கையால கோடு போடுவீங்களாமே, அது எப்படி சார்?" என்று கேட்டாள். அதைச் சொல்ல வேண்டுமானால் சேவியரைச் சொல்லாமல் முடியாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு பொறாமைக்காரன் எழுதும் கட்டுரை. நடுநிலையாக வேண்டும் என்பவர்கள் சேவியரின் கட்டுரையைப் படித்துக்கொள்ளலாம். அது நிச்சயம் இதைவிட நன்றாக இருக்கும்.

எங்கள் வேலை நாட்டுக்குக் கடலடி எல்லை போடுவது. கடற்கரையிலிருந்து இருநூறு கடல் மைல் வரைக்கும் கடல்தரையில் உள்ள வளம் கரைநாட்டுக்கு உரியது. அதற்கு அப்பாலும் நம் நிலம் தண்ணீருக்கு அடியில் தொடர்ந்து போகிறது என்று நியூயார்க்கில் உள்ள சர்வதேச ஆணையத்திடம் நிரூபித்தால் அதையும் கேட்கலாம். நிரூபிக்கிற வழிகளில் ஒன்று வண்டலின் கனம். கண்டம் சரிந்து இறங்கி முடிகிற அடிவாரத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் புள்ளி வைக்கிறோமோ, அந்தத் தூரத்தில் நூற்றில் ஒரு பங்கு கனத்துக்காவது அங்கே வண்டல் இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் தள்ளிப் புள்ளி வைக்க ஆசைப்பட்டால் அதற்குக் கீழே ஒரு கிலோமீட்டர் வண்டலைக் காட்ட வேண்டும். வங்காள விரிகுடாவுக்கென்று தனியாக வேறொரு ஏற்பாடும் உண்டு. அதற்குள் நான் நுழைந்தால் படிப்பவர்கள் தூங்கிவிடுவார்கள், விட்டுவிடுகிறேன்.

அங்கே வண்டலுக்குப் பஞ்சமில்லை. இமயமலையைக் கரைத்து ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மண் அது. அதன் மேல்மட்டம் கடல்தரை, அதைக் கண்டுபிடிப்பது சுலபம். கீழ்மட்டம் எங்கே? வண்டல் முடிந்து அடிப்பாறை தொடங்கும் இடம் எது? அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. கப்பல் தண்ணீருக்குள் வெடிச்சத்தம் போட்டுக்கொண்டே போகும். அதன் பின்னால் நீளமான கேபிள் ஒன்று மிதந்து வரும். கடல்தரையிலும் வண்டல் அடுக்குகளிலும் பாறையிலும் பட்டுத் திரும்புகிற எதிரொலிகளை அந்தக் கேபிள் கேட்டுப் பதிவு செய்யும். அந்தப் பதிவை அச்சடித்தால் ஒரு மேஜை போதாத நீளத்துக்குக் காகிதம் வரும், முழுக்கக் கறுப்பு வரிகள். இந்தக் காகிதத்தை நாங்கள் செக்‌ஷன் என்போம். ஆயிரம் வரிகளுக்கு நடுவே அடிப்பாறையின் வரி எது என்று பார்த்துப் பென்சிலால் இழுக்க வேண்டும்.

இந்த வேலை நடந்தது ஓசூரில், பாகலூர் ரோட்டில். ஒரு பக்கம் வால்வு செய்யும் கம்பெனி, இன்னொரு பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறை, நடுவில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடி. கடல் ஆபீஸ் கடல் இல்லாத ஊரில் ஏன் என்று கேட்காத ஆளில்லை. டேப்புக்கும் ஃபிலிமுக்கும் உப்புக் காற்று ஆகாது. ஓசூர்க் காற்றில் ஈரம் குறைவு. பெரிய கம்ப்யூட்டர் பெங்களூரில் இருந்தது, ஆனால் பெங்களூர் வாடகை அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. அவ்வளவுதான் காரணம். கீழே டீக்கடை வைத்திருந்த கிருஷ்ணப்பா, நாங்களும் ஏதோ ஸ்பேர் பார்ட்ஸ் செய்கிறோம் என்றே வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கம்பெனில என்னா சார் புரொடக்‌ஷன்?" என்று ஒருநாள் கேட்டார்.

"எல்லை போடறோம்ணா. கடல்ல."

"கடல்லயா? இங்க என் மச்சான் நெலம் பாதி கர்நாடகாவுல கெடக்குது, பாதி தமிழ்நாட்டுல கெடக்குது. கரண்டு ஒரு கவர்மென்டு, தண்ணி ஒரு கவர்மென்டு. மொதல்ல அத ஒரு வழி பண்ணுங்க சார்" என்றார்.

எனக்குச் சொந்த ஊர் வேப்பனப்பள்ளி. மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம். நான் நிலவியல் படித்ததும், தேர்வு எழுதியதும், பயிற்சிக்குப் போனதும் மற்றவர்கள் படித்து எழுதிப் போனது போலத்தான். சொல்லும்படியாக ஒன்றுமில்லை. வேலையில் சேர்ந்த அன்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் சேவியர். தூத்துக்குடிக்காரன். என் வயது, என் சம்பளம். என்னைவிட நல்ல உயரம். பொறாமைக்கு அப்போதே விதை விழுந்துவிட்டது.

பயிற்சி முடிந்ததும் இருவரையும் ஒரே கப்பலில் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். கரை கண்ணுக்குத் தெரியும்போதே நான் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டேன். நின்றால் வாந்தி, படுத்தால் வாந்தி. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தேன், மாத்திரை விழுங்கினேன், டாக்டர் ஊசி போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. வெறும் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் போனபோது டாக்டர் பயந்துவிட்டார். விசாகப்பட்டினத்தில் ஒதுங்கி என்னைக் கரையில் இறக்கிவிட்டார்கள். இரண்டு மாலுமிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் படியில் கூட்டி வந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மேல்தளத்தில் கம்பியோரமாக நின்று சேவியர் எனக்குக் கையாட்டினான். தலைமுடிகூடக் கலையவில்லை. அந்தக் காட்சியை நான் என்றைக்கும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு கப்பலுக்குப் போகிறவர்களில் என் பெயர் வரவில்லை. யாரும் உத்தரவு போடவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. சிலர் உடம்பு கடலுக்கு, சிலர் உடம்பு தரைக்கு என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். அவன் தூத்துக்குடிக்காரன், பிறக்கும்போதே உப்புக் காற்றைக் குடித்தவன். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

சேவியர் வருடாவருடம் கடலுக்குப் போனான். கறுத்து, இளைத்து, பழைய இந்திப் பட நடிகர் மாதிரி திரும்பி வந்தான். வரும்போது எங்கள் வீட்டுக்கு ஏதாவது கொண்டுவருவான். சங்கு, சிப்பி, நெத்திலிக் கருவாடு. என் மனைவி ருக்மணி அந்தக் கருவாட்டைக் குழம்பு வைத்துவிட்டு, "அண்ணன் கொண்டு வந்தது, எப்படி இருக்குது பாருங்க" என்பாள். நான் சந்தையில் வாங்கி வரும் கருவாட்டுக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. என் மகனிடம் பள்ளிக்கூடத்தில், அப்பா என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். "எங்கப்பா ரூம்ல உக்காந்து கோடு போடுவாரு. சேவியர் மாமா கப்பல்ல போவாரு" என்று சொல்லியிருக்கிறான். கேட்டது அப்பாவைப் பற்றி. மாமாவை ஏன் இழுத்தான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இனி எங்கள் மேலதிகாரியைப் பற்றி. ஷைலஜா மேடம் ஆனேக்கல்லிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருவார். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், முக்கியமான சொல் மட்டும் கன்னடத்தில் வந்து விழும். இரட்டைக் கோடு அவர் கொண்டுவந்த வழக்கம். ஒரே செக்‌ஷனில் இரண்டு பிரதி எடுப்பார். ஒன்று எனக்கு, ஒன்று சேவியருக்கு. நடுவில் ஸ்டோர் ரூம், அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். செக்‌ஷனின் மேல் கண்ணாடி போன்ற ஃபிலிமை விரித்து, மூலைகளில் சிலுவைக் குறி வைத்து, கடல்தரைக்குப் பச்சைப் பென்சில், அடிப்பாறைக்குப் பழுப்புப் பென்சில் என்று இழுக்க வேண்டும். வேலை முடியும்வரை அந்த செக்‌ஷனைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, டீக்கடையிலும் கூடாது. ஃபிலிமில் பெயர் எழுதக் கூடாது.

இருவரும் முடித்ததும் மேடம் லைட் டேபிளைப் போடுவார். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜை அது. ஃபிலிமில் கீறல் விழக் கூடாது என்று முதலில் வளையல்களைக் கழற்றி ஒரு எவர்சில்வர் தட்டில் வைப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே நாங்கள் இருவரும் எழுந்து போய் மேஜையோரம் நிற்போம். பிறகு ஒரு ஃபிலிமின் மேல் இன்னொன்றை வைத்து, சிலுவைகளைப் பொருத்தி, இடமிருந்து வலமாக விரலைக் கொண்டுபோவார். கோடுகள் ஒன்றாக இருக்கும் இடத்தில் விரல் நிற்காது. எங்கே பிரிகிறதோ அங்கே நிற்கும். தலையைத் தூக்காமல், "யாகே?" என்பார். கன்னடத்தில் 'ஏன்' என்று அர்த்தம். அந்தக் கேள்விக்கு அனுபவம் என்றோ, தோன்றியது என்றோ பதில் சொல்ல முடியாது. காரணம் வேண்டும். காரணம் சொன்னவன் கோடு நிற்கும், மற்றது அழியும்.

ஃபிலிமில் பெயர் இல்லாவிட்டாலும் எது யாருடையது என்று மூவருக்கும் தெரியும். சேவியர் பென்சிலை அழுத்தி, தயங்காமல், ஒரே இழுப்பில் கொண்டுபோவான். என் கோடு மெலிசு, பத்து தடவை யோசித்து நகர்ந்தது. மேடம் யாரையும் பாராட்ட மாட்டார். ஒரே ஒருமுறை ஒரு ஃபிலிமைப் பார்த்து, "சென்னாகிதே" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அது அழுத்தமான கோடு போட்ட ஃபிலிம்.

நான் விவரமாகச் சொல்ல நினைப்பது கடைசிப் புள்ளியின் கதை. எங்கள் எல்லைக்கோட்டில் வெளியே நெடுந்தூரம் தள்ளி ஒரு புள்ளி இருந்தது. அது நின்றால் எல்லை விரியும். அது போனால், புள்ளிக்குப் புள்ளி அறுபது கடல் மைலுக்கு மேல் இடைவெளி கூடாது என்பதால், அடுத்த புள்ளிக்கு எட்டாமல் கோடு அப்படியே உள்ளே சுருங்கி, கண்ணுக்கெட்டாத பரப்புள்ள கடல்தரை கையை விட்டுப் போகும். "இந்தப் புள்ளி நிக்கணும்ரீ" என்று மேடமே வாய்விட்டுச் சொன்னார். அப்படி அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அந்தப் புள்ளியின் வழியாகப் போகும் செக்‌ஷன் எங்கள் இருவரின் மேஜைக்கும் வந்தது.

நான் இழுத்துக்கொண்டே போனேன். சரியாக அந்தப் புள்ளிக்குக் கீழே எனக்குக் கை ஓடவில்லை. ஆழத்தில் ஒரு பளிச்சென்ற வரி இருந்தது. பார்த்தால் பாறை போலத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

மேடம் வளையல்களைக் கழற்றினார். ஃபிலிம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கடைசிப் புள்ளிக்குக் கீழே ஒரே ஒரு கோடுதான் இருந்தது, அழுத்தமாக, தயக்கமில்லாமல். அந்தக் கோடு சரியென்றால் வண்டல் போதுமான கனம், புள்ளி நிற்கும். மேடத்தின் விரல் என் காலி இடத்தில் நின்றது.

"இல்லி, இந்த இடம், காலி. யாகே?"

"நம்பிக்கை வரல மேடம்."

"நம்பிக்கை வரலேங்கறது காரணம் அல்ல, முனிராஜ். அவர் கோடு போட்டிருக்கார். நீங்க போடலே. திங்கட்கிழமைக்குள்ள காரணத்தோட வாங்க. இல்லேன்னா இதான் கோடு."

சேவியர் என் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்தவன் தட்டுகிற தட்டு அது. அவனுக்குக் கடல் கிடைத்தது, என் வீட்டில் கருவாட்டுக்கு மரியாதை கிடைத்தது, இப்போது நாட்டின் எல்லையும் அவன் பென்சிலில் போய் முடியப்போகிறது. அவன் தவறாக இருக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன். நாட்டுக்கு நஷ்டமானாலும் பரவாயில்லை என்று ஆசைப்பட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயில் தேர். ஊரே அங்கே போயிருந்தது. ருக்மணியும் மகனும் தேர் பார்க்கக் கிளம்ப, நான் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வாட்ச்மேன் மட்டும் இருந்தார். விதிப்படி மேடத்தின் அலமாரியிலிருந்து செக்‌ஷனை மட்டும் எடுத்து விரித்தேன். அந்த ஆழமான வரியைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஓரிடத்தில் சின்னப் பள்ளம் ஒன்று, கண்டும் காணாததுமாகத் தெரிந்தது. அடிப்பாறையில் பள்ளம் இருக்கக் கூடாதா? இருக்கலாம். ஆனால் அதற்கு நேர் மேலே, கடல்தரையிலும் ஒரு பள்ளம் இருந்தது.

வங்காள விரிகுடாவின் தரையில் ஆறு போல வாய்க்கால்கள் உண்டு, தண்ணீருக்கு அடியில் சேறு ஓடிய தடங்கள். அப்படி ஒரு வாய்க்கால்தான் அது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒலி கடல்தரையில் பட்டு மேலே வரும். கடலின் மேல்மட்டத்தில் முட்டி மறுபடி கீழே போய், மறுபடி கடல்தரையில் பட்டு வரும். அந்த இரண்டாவது எதிரொலி, செக்‌ஷனில் இரண்டு மடங்கு ஆழத்தில் ஒரு போலி வரியாக விழும். மல்டிபிள் என்போம். எங்கள் தொழிலில் பாலபாடத்திலேயே சொல்லித்தருகிற எச்சரிக்கை அது. ஆனாலும் புள்ளி நிற்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படும் இடத்தில், அது பாறை வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கண் ஏமாந்துவிடும். புது ஃபிலிம் ஒன்றை எடுத்தேன். கடல்தரைக் கோட்டை ஒவ்வோர் இடத்திலும் இரட்டிப்பு ஆழத்துக்கு இறக்கி வரைந்தேன். அதைக் கொண்டுபோய் அந்தப் பளிச்சென்ற வரியின் மேல் வைத்தேன். பாத்திரத்தில் மூடி உட்காருவது போல உட்கார்ந்தது. பள்ளம்கூடப் பள்ளத்தில் போய் விழுந்தது.

சரியாக அந்த நேரம் மலைப்பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. தேர் நிலைக்கு வந்திருக்கும். எனக்கென்னவோ அதை எனக்காகப் போட்டதாகவே தோன்றியது. பொறாமை நல்லதல்ல என்று சொல்பவர்கள் சொல்லட்டும். சேவியர் மேல் எனக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல் இல்லாதிருந்தால், ஒரு காகிதத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை மேடம் "யாகே?" என்றபோது நான் அந்தப் புது ஃபிலிமை மேஜைமேல் வைத்தேன். மேடம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். சேவியரும் குனிந்தான். அவன் வாதம் செய்வான், குரலை உயர்த்துவான், நான் ஒவ்வொன்றாக அடித்து வீழ்த்துவேன் என்று ஒரு ஞாயிறு ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவன் நிமிர்ந்து, "மல்டிபிள்தான் மேடம். என் தப்பு. முனி சொல்லுததுதான் சரி" என்றான். அவ்வளவுதான். என் ஒத்திகை எல்லாம் வீணாய்ப் போனது. தோற்பதைக்கூட அவன் என்னைவிட நன்றாகச் செய்தான்.

புள்ளி விழுந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி போனில் என்னைக் கூப்பிட்டு, "நீங்க நம்ம நாட்டுக்கு வேலை பாக்கறீங்களா, வேற நாட்டுக்கா?" என்று கேட்டார். மேடம் என் கையிலிருந்து போனை வாங்கி, "முனிராஜ் கண்டுபிடிச்ச தப்பை அங்க ஆணையத்துல கண்டுபிடிச்சு நாம முழிச்சிருந்தா பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. சேவியர் அதற்குள் மேடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"போலி வரி அது. சரி. அப்ப நெசப் பாறை எங்க கெடக்கு? இன்னும் நீளமான கேபிள் போட்டு அந்த எடத்துல மறுபடி வெடிச்சத்தம் போட்டுப் பதிவு எடுக்கணும் மேடம். தண்ணிக்குள்ளயே சுத்துத சத்தம் மெதுவா வரும், மண்ணுக்குள்ள போய்ட்டு வாரது வேகமா வரும். கேபிள் நீளமா இருந்தா ரெண்டும் பிரிஞ்சிரும். போலிய உருவி எடுத்துரலாம். நான் போறேன்."

அது புயல் மாதம். கேப்டனே யோசித்தார். விண்ணப்பம் அனுப்பக் கெடு நெருங்கிக்கொண்டிருந்ததால் அனுமதி கிடைத்தது. சேவியர் போனான். வானொலியில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று சொல்லும்போதெல்லாம் ருக்மணி, "அண்ணன் எப்படி இருக்காரோ" என்பாள். "அவனுக்கென்ன, அவனுக்குக் கடல் மாமியார் வீடு" என்பேன்.

புது செக்‌ஷன் வந்தது. வழக்கப்படி இரட்டைக் கோடு. போலி வரி போயிருந்தது. அது மறைத்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கீழே, மங்கலாக, மேடுபள்ளமாக, ஆனால் இரு பக்கமும் தெரிந்த பாறையோடு தொடர்ந்து போய்ச் சேரும்படி நிஜமான அடிப்பாறை கிடந்தது. மேடம் ஃபிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். விரல் இடமிருந்து வலமாகப் போனது. எங்கும் நிற்கவில்லை. அழுத்தமான கோட்டுக்குள் என் மெலிசான கோடு மறைந்தே போயிருந்தது. வண்டலின் கனம் முன்பு நினைத்ததைவிடக் கூடுதல். புள்ளி நின்றது, இந்த முறை யாரும் அசைக்க முடியாதபடி நின்றது. மேடம் நிமிர்ந்து, "சென்னாகிதே" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நியூயார்க்கில் ஆணையத்தின் முன்னால் விளக்கம் சொல்ல எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர்தான் போக முடியும். பதிவு எப்படி எடுத்தீர்கள் என்று அங்கே கேட்பார்கள், கடலில் இருந்தவர்தான் பதில் சொல்ல முடியும் என்று மேடம் சேவியரை அனுப்பினார். நியாயம்தான். நியாயமாக இருந்தது என்பதுதான் இன்னும் எரிச்சல். அவன் எனக்கு ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்தான். இன்றுவரை என் ஸ்கூட்டர் சாவி அதில்தான் இருக்கிறது. நல்ல கனமான சாவிக்கொத்து, தூக்கிப் போட மனம் வரவில்லை.

"மொத கேள்வியே, இது மல்டிபிள் இல்லேன்னு எப்படித் தெரியும்னுதான் வே கேட்டாங்க" என்றான். "ஒன் ஃபிலிமப் போட்டுக் காட்டினேன். அப்புறம் ஒருத்தரும் வாய தெறக்கல."

"என் பேரச் சொன்னியா?"

"அங்க யாரு பேரும் கெடையாது, முனி. இந்தியான்னுதான் சொல்லுவாங்க. என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க."

அவனையாவது இந்தியா என்று கூப்பிட்டார்கள். என்னை அந்த வாரம் பாகலூர் ரோட்டில் கரண்ட் பில் கட்டத்தான் கூப்பிட்டார்கள்.

இப்போது இந்தக் கட்டுரையின் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். போன மாதம் சேவியர் ஓசூருக்கு வந்தான். அவன் மகள் இங்கே ஸ்கூட்டர் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். வெயில் குறையும்வரை அவளோடு இருக்கிறானாம். இந்த ஊர்க் குளிர்ச்சியாவது எனக்கென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன், அதற்கும் பங்குக்கு வந்துவிட்டான். பவித்ரா மலருக்காகப் பேச வேண்டும் என்று இருவரையும் என் வீட்டிலேயே சந்தித்தாள். சேவியர் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கடைசிப் புள்ளியின் கதையைச் சொன்னான். தான் எப்படி ஏமாந்தான், முனிராஜ் எப்படித் தேர் நாளில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். பவித்ரா வாயைப் பிளந்து கேட்டாள். ருக்மணி, "இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லியே நீங்க" என்று என்னைப் பார்த்தாள். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே கதை அது. அதையும் அவன் என்னைவிட அழகாகச் சொல்கிறான். அந்த இடத்திலேயே முடிவு செய்தேன், எப்படியானாலும் நானும் எழுதியே தீருவது என்று.

பவித்ரா அவனிடம், "புயல் மாசத்துல கப்பல்ல கஷ்டமா இல்லியா சார்?" என்று கேட்டாள்.

"கஷ்டமாவா? வாந்திதான் தாயி. மொத நாள் ஆரம்பிச்சா கரை தட்டுத வரைக்கும்."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "யாருக்கு வாந்தி?"

"எனக்குத்தான் வே. எந்தக் கப்பல்ல நான் வாந்தி எடுக்காம இருந்தேன்? கட்டில் கால்ல ஒரு பிளாஸ்டிக் வாளியக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருப்பேன். ஆடினாலும் அது உருளாது. எடுக்க வேண்டியது, வாயக் கொப்புளிக்க வேண்டியது, ரெக்கார்ட போய்ப் பாக்க வேண்டியது."

"நீ தூத்துக்குடிக்காரன்டா."

"அதுக்கு? எங்கப்பா உப்பளத்துல கணக்கு எழுதினவரு. எங்க வீட்டுல ஒருத்தரும் படகுல ஏறுனது கெடையாது."

"விசாகப்பட்டினத்துல என்ன எறக்கி விடும்போது மேல நின்னுக்கினு கையாட்டினியே?"

"ஒரு கையத்தானே ஆட்டினேன்? இன்னொரு கையால கம்பியப் புடிச்சிருந்தேன். விட்டா விழுந்துருவேன். நீ எறங்கிப் போறதப் பாத்து எனக்கு அழுகையே வந்துட்டு, முனி. குடுத்து வச்சவன்னு நெனச்சேன்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னையும் எறக்கி விட்ருவாங்கல்லா" என்றான் சேவியர், பக்கோடாவை எடுத்துக்கொண்டே.

ருக்மணி விழுந்து விழுந்து சிரித்தாள். பவித்ராவும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவர்கள் போன பிறகு வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். எதிரே கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் முடிந்து போய்க்கொண்டிருந்தன. அவன் உடம்பு கடலுக்கென்றே செய்தது, என் உடம்பு அப்படியில்லை என்ற நினைப்பின் மேல்தான் நான் இத்தனை வருடம் நிம்மதியாகப் பொறாமைப்பட்டேன். பிறவியில் வந்ததைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுகமான வேலை, அதில் நம் மேல் குற்றம் எதுவும் இல்லை. இருவருக்கும் ஒரே வாந்திதான் வந்திருக்கிறது. நான் இறங்கினேன், அவன் வாளியைக் கட்டினான்.

இத்தனை காலம் அவனுடைய கடலை நினைத்து வயிறெரிந்தேன். இனி அந்தப் பிளாஸ்டிக் வாளியை நினைத்து எரிய வேண்டும். இது முன்னதைவிட மோசமாக எரிகிறது.